பதினேழு கோல் அடித்தவன்

"கோச், இந்த வருஷம் நான் கோல் கீப்பரா நிக்கிறேன்."

செலினோ இப்படிச் சொன்னதும் அமான்டியோவுக்குத் தலை சுற்றியது. டிலி நகரின் அந்தக் கால்பந்துக் கிளப்புக்கு அவர் பயிற்சியாளராக வந்து இரண்டே நாள். போன வருடம் பதினேழு கோல் அடித்தவன் இவன். அடுத்த மாதம் கிழக்குத் திமோர் தேசிய அணிக்குத் தேர்வு வேறு.

"முட்டி வலியா? பயமா? இல்ல, என் மூஞ்சி பிடிக்கலையா?"

"மூஞ்சி பழகிடும் கோச்."

"தேர்வு பண்ண வர்றவங்க உன் கோலைத்தான்டா பார்ப்பாங்க! காரணத்தைச் சொல்லு."

செலினோ தலையைக் குனிந்துகொண்டான். "அப்பா தவறிப் போய் மூணு மாசம் ஆகுது. துக்கத்துக்கு, வருஷம் முடியுற வரைக்கும் கறுப்புதான் போடணும். தோள்ல கறுப்புத் துணி குத்திக்கிறேன்னு கெஞ்சிப் பார்த்தேன், அம்மா முடியாதுன்னுட்டாங்க. நம்ம சட்டை சிவப்பு. கீப்பருக்கு மட்டும்தானே கறுப்பு?"

 அமான்டியோ சனிக்கிழமை முழுக்கச் சாயப் பானையோடு மல்லுக்கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பத்துப் பேர் கறுப்பில் இறங்கினார்கள், செலினோ முன்வரிசையில். பயிற்சியாளரின் கைகளும் முழங்கை வரை கறுப்பு. கோல் கீப்பர் மட்டும் சிவப்புச் சட்டையில், "நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்று முனகிக்கொண்டிருந்தான்.