நாய்கூட எடுக்காத பேரு

"இதால்மாஸ் எனக்குத்தான். உயிரே போனாலும் விட்டுத்தர மாட்டேன்டா."

ஜான்சாயா அனுப்பின மெசேஜைத் திரும்பத் திரும்பப் படிச்சு தௌரென் சிரிச்சிட்டே இருந்தான். பக்கத்துல பவுர்சாக்னு எண்ணெயில பொரிச்ச மாவு உருண்டையை டீல முக்கிட்டிருந்த சிநேகிதன் கனாத்துக்கு ஒண்ணும் புரியல. அவ திட்டுறா, இவன் ஏன் இப்படி வழியிறான்?

இதால்மாஸ் ஆளு இல்லைங்க, மாட்யூலு. கசகஸ்தான்ல, அல்மாட்டியில பசங்க கொஞ்சம் பேர் சேர்ந்து கிமிஸ்னு ஒரு புரோகிராமிங் மொழி பண்றாங்க. கிமிஸ்னா புளிக்க வெச்ச குதிரைப்பால்; அதே மாதிரி இந்த மொழியும் இன்னும் புளிச்சுட்டுதான் இருக்கு, அதான் அந்தப் பேரு. யார் மாட்யூல் எழுதினாலும் மத்தவங்க எடுத்துக்க ஒரு பொதுக் கிடங்கு உண்டு. அதை அடுக்கி வைக்கிறது தௌரெனோட வேலை.

பேருக்குத்தான் பஞ்சம். நல்ல பேரெல்லாம் ஆரம்பத்துலயே காலி ஆயிடுச்சு. அப்புறம் அவங்கவங்க கொள்ளுத்தாத்தா, எள்ளுத்தாத்தா பேரையெல்லாம் தோண்டி எடுத்து வைக்க ஆரம்பிச்சிட்டாங்க.

தௌரென் தன்னோட பிழை பிடிக்கிற மாட்யூலுக்கு மூதாதை ஒருத்தர் பேரான இதால்மாஸை வெச்சான். நாய்கூட எடுக்காதுன்னு அர்த்தம். முன்னாடி பொறந்த குழந்தைங்க தங்கலைன்னா, இதையாவது சாவு சீண்டாம இருக்கட்டும்னு அடுத்த புள்ளைக்கு அந்தக் காலத்துல வெச்ச பேரு. இதை எவன் கேக்கப் போறான்னு நிம்மதியா இருந்தான்.

ஷிம்கென்ட் ஊர்லேர்ந்து ஒருத்தி கேட்டா. ஜான்சாயா. தேதிக் கணக்குப் போடுற மாட்யூல் ஒண்ணு அனுப்பினா, அச்சு அசலா அதே பேர்ல. கிடங்குல ஒரு பேருக்கு ஒரு மாட்யூல்தான், மாத்துன்னான் இவன். எங்க தாத்தா பேரை நான் ஏன் மாத்தணும், நீ மாத்துன்னா அவ. என்னுது முதல்ல வந்துச்சுன்னான்.

"முதல்ல வந்தா என்ன? உன் தாத்தாவை எடுக்காத நாய் என் தாத்தாவை மட்டும் எடுத்துடுமா?"ன்னு பதில் வந்துச்சு. பய அங்கதான் விழுந்தான். அதுக்கப்புறம் அவ திட்டலைன்னா இவனுக்கு சாப்பாடு இறங்கல.

கிடங்குல தௌரென் போட்ட சட்டம் ஒண்ணு இருக்கு, பாக்குறவங்ககிட்டயெல்லாம் பெருமை அடிப்பான். ஒரு மாட்யூல் எது மேல நிக்குது, அது எது மேல நிக்குதுன்னு ஏழு படி இறங்கிப் பாக்கணும். அதுக்குள்ள ரெண்டுக்கும் ஒரே மூலம் வந்துச்சுன்னா உடன்பொறப்பு, ரெண்டையும் ஒரே டப்பாவுல வைக்கணும். ஏழு தலைமுறைக்குள்ள ஒரே தாத்தா வந்தா கசாக் வழக்கத்துல கல்யாணமே கிடையாது, அதே கணக்குத்தான்.

ரெண்டு இதால்மாஸையும் அப்படி இறங்கிப் பாத்துட்டான். "ஒட்டும் இல்ல, உறவும் இல்லடா"ன்னு குதிச்சுட்டே வந்து சொன்னான். ஒரே டப்பான்னா சண்டையே முடிஞ்சிருக்குமே, இதுல என்ன சந்தோஷம்னு கனாத் அப்பவும் முழிச்சான்.

இன்னிக்குக் கிடங்கைத் தொறந்து ஊருக்கே குடுக்கப் போறாங்க. அதுக்காக ஜான்சாயா ரயிலேறி வர்றா, முதல் தடவையா நேர்ல. தௌரென் முடிவு பண்ணிட்டான். பேரை அவளுக்கே விட்டுக்கொடுத்துடுறது, அவ மனசு இளகுற அதே நிமிஷத்துல கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டுடுறது. காலைலேர்ந்து கனாத்தை ஜான்சாயாவா நிக்க வெச்சு ஒத்திகை வேற. கனாத் ஒவ்வொரு தடவையும் மாட்டேன்னுட்டான்.

வந்தா. கையில பை நிறைய சம்சா. தௌரெனை மேலேர்ந்து கீழ ஒரு பார்வை பாத்தா.

"நீதானா அந்த நாய்?"

தௌரெனுக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே வயிறு நிறைஞ்சு போச்சு. தொண்டையைச் செருமிட்டு, "ஜான்சாயா, அந்தப் பேரை நான்..."னு ஆரம்பிச்சான்.

அவ கையை நீட்டித் தடுத்தா. தானம் வேணாம், நியாயம் போதும்னா. நிஜமாவே இதால்மாஸ் வம்சம் யாரு, சும்மா பேரு நல்லாருக்கேன்னு வெச்சது யாருன்னு இப்பவே தெரிஞ்சாகணுமாம். "எங்க, உன் தாத்தா பேரெல்லாம் வரிசையா சொல்லு, பாப்போம்"னா.

கனாத் இவன் காதுல, "பொண்ணு வீட்டுக்காரங்க கேக்க வேண்டியதைப் பொண்ணே கேக்குதுடா, விடாத"ன்னான்.

தௌரென் விடுவானா. ஓராஸ், செய்த்கலி, ஜுமாபெக், கோய்ஷிபாய், இதால்மாஸ்னு குதிரைல போற மாதிரி போனான். அவளும் சம்சாவை மென்னுட்டே மார்லென், தொக்தார், அப்தில்தா, இதால்மாஸ்னு முடிச்சா. ரெண்டு வரிசையிலயும் வேற எந்தப் பேரும் ஒட்டல. தௌரென் முகத்துல அப்படி ஒரு வெளிச்சம்.

"சரி, உங்க இதால்மாஸுக்கு அப்பா யாரு?"ன்னு கேட்டா அவ.

"கூஷிக்பாய்"னான் தௌரென் சிரிச்சுட்டே. "நாய்க்குட்டின்னு அர்த்தம். எங்க குடும்பத்துக்கே நாய் ராசி."

ஜான்சாயா மெல்லுறதை நிறுத்திட்டா. சம்சாவை மெதுவா மேஜை மேல வெச்சா. விரல் விட்டு ஒரு தடவை எண்ணினா, மறுபடியும் முதல்லேர்ந்து எண்ணினா; ரெண்டு தடவையும் அவ பக்கத்துலயும் கூஷிக்பாய் ஏழுக்குள்ளயே வந்துட்டாரு. கனாத் கையில இருந்த பவுர்சாக் டீல விழுந்து முங்கிப் போச்சு.

அப்புறம் அவ முகம் அப்படியே மலர்ந்துச்சு. எந்திரிச்சு வந்து தௌரெனோட ரெண்டு கையையும் பாசமா பிடிச்சுக்கிட்டா. இத்தனை நாளா வாடா போடான்னவ, முதல் தடவையா மரியாதையா பேசினா.

"ரெண்டையும் ஒரே டப்பாவுல வெச்சிடுங்க, அண்ணா."