தயிர் ஆகாதாம்

கிண்ணத்தை மறுபடியும் தள்ளி வைத்தார்.

தயிர்சோறு. இன்றோடு மூன்று நாள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை அடம்பிடித்தால் முதுகில் ஒன்று வைக்கலாம். ஐம்பத்தெட்டு வயதுப் புருஷனை என்ன செய்வது?

எல்லாம் அந்த டாக்டர் படம் வரைந்து காட்டியதால் வந்த வினை.

மூளையில் கட்டி. அதன் செல்லுக்குள் கால்சியம் போக ஒரு வழி. இந்த மாத்திரை அந்த வழியை மூடும், கட்டி வளர்வது மெதுவாகலாம் என்றார். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற பழைய மாத்திரைதான், கட்டிக்குக் கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறோம், சம்மதமா என்றார்.

இவர் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் பாலை நிறுத்தினார்.

அப்புறம் மோர். கேழ்வரகுக் கூழ். முருங்கைக்கீரை. நெத்திலி. வெற்றிலைக்குச் சுண்ணாம்புகூடக் கிடையாது. விட்டால் வெள்ளையடித்த சுவரில் சாயவும் மாட்டார்.

சாப்பிடுகிற கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். நர்ஸ் சொன்னாள். மகள் திட்டிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

நேற்று எடை பார்த்தார்கள். நாற்பத்தொன்பது. இன்னும் இரண்டு கிலோ இறங்கினால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களாம்.

"கட்டியப் பட்டினி போடுறேன்னு நீங்கதான் பட்டினி கெடக்குறீங்க. அது நல்லாத்தான் இருக்கு!"

கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. இப்போதெல்லாம் அவருக்கு வார்த்தைகள் மெதுவாகத்தான் வருகின்றன. வரும்வரை காத்திருந்தார்.

"ஷட்டர எறக்கிட்டு... அப்புடியே வீட்டுக்குப் போற லஸ்கர... பாத்துருக்கியா நீ?"

முப்பது வருடம் வாய்க்கால் மதகைத் திறந்து மூடிய லஸ்கர் அவர். ஷட்டரை இறக்கிய பிறகுதான் அவருக்கு வேலையே. இடுப்பளவு தண்ணீரில் நின்று, வைக்கோலும் களிமண்ணும் குழைத்து, கசிகிற இடத்தையெல்லாம் அடைப்பார். சொட்டு நிற்கும்வரை கரையேற மாட்டார்.

"மாத்தர அது வேலயப் பாக்குது. நான்... சும்மா படுத்துருக்கவா?"

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அதே கிண்ணத்தோடு திரும்பி வந்தாள்.

"டாக்டர் இப்பதான் போன் பண்ணாரு. வெறும் வயித்துல மாத்தர தலைக்குப் போவாதாம். பாதி வழியிலயே நின்னுடுதாம். தயிர்சோறுதான் அதக் கொண்டுபோயி சேக்குமாம். ஒரு கிண்ணமாச்சும் சாப்புட்டே ஆவணும்னு கண்டிசனா சொல்லிட்டாரு."

பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தலையணைக்குப் பக்கத்தில் பார்த்தார்.

வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். காலையிலிருந்து அது அங்கேதான் கிடந்தது.

அவளுக்குக் காதுவரை சுட்டது. கிண்ணத்தைக் கீழே வைப்பதா, வேண்டாமா என்று தெரியவில்லை.

"டாக்டரே சொல்லிட்டாரா..." என்றார்.

வாயைத் திறந்தார்.