பழகின கண்ணுக்கு

ஜேர்மனியிலிருந்து முதல்நாள்தான் அரியாலைக்கு வந்திறங்கியிருந்த சோமசேகரம், தன் மகளைத் தம் மகனுக்குப் பெண் கேட்டு வந்த தியாகராசாவை விறாந்தையிலேயே மறித்தார்.

"செருப்பைக் கழட்டினது காணாது, காலையும் கழுவுங்கோ அண்ணை. ஹோலிலை கிடக்கிறது நூறு வருசத்துக் குர்திஷ் கம்பளம். போன மாசம் நான் அனுப்பினது."

கம்பளத்தைக் கண்டால் சம்பந்தம் தானாகச் சரிவரும் என்பது அவர் எண்ணம். கடைக்காரன் தந்த கடதாசியை மனப்பாடமாக ஒப்புவித்தார்.

"வேரிலை காய்ச்சின சாயம். முடிய முடியப் புதுசாய்க் காய்ச்சுவினம். அதாலை சிவப்பு இடத்துக்கிடம் மாறும். அதுதான் அசலுக்கு அடையாளம்."

தியாகராசா குனிந்து பார்த்தார். "எல்லா இடமும் ஒரே சிவப்பாய்த்தானே கிடக்கு?"

"உது பழகின கண்ணுக்குத்தான் பிடிபடும்."

தியாகராசா முழந்தாளிட்டுத் தேடத் தொடங்கினார்.

"இஞ்சாருங்கோ!" மனைவி மகாதேவி சோமசேகரத்தைக் குசினிக்குள் அழைத்து, யன்னலால் பின்வளவைக் காட்டினாள். அங்கே ஒரு பழங்கம்பளத்தில் பனங்கிழங்கு ஒடியல் காய்ந்துகொண்டிருந்தது.

"ஜேர்மனியிலை உங்களை நல்லா ஏமாத்திப்போட்டாங்களப்பா. நீங்கள் அனுப்பினதிலை சிவப்பு இடத்துக்கொரு நிறம்! வாற சபையிலை மானம் போகக்கூடாதெண்டு, சாவகச்சேரியிலை புதுசு வாங்கி விரிச்சனான்."

சோமசேகரம் கூடத்துக்குத் திரும்பினார். தியாகராசா முகம் மலர நிமிர்ந்தார்.

"ஓமண்ணை, எனக்கும் பிடிபட்டிட்டுது! இந்த மூலைச் சிவப்பு வேறைதான்."