தண்ணீர் கேட்காத செடிகள்

மருதமுனைக் கடற்கரையில், சுனாமி வாரிக்கொண்டுபோன வீட்டு வளவுகளின் மேல் போட்ட மாதிரித் தோட்டம். உச்சி வெயில் பட்டுப் பெயர்ப்பலகை கண்ணைக் கூசவைக்கிறது: 'தண்ணீர் கேட்காத நம் மண்ணின் செடிகள்'. நாளை பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள். காவலாளி ஜவ்பர், தண்ணீர் பவுசர் வண்டியிலிருந்து குழாய் இழுத்து, வாடிக் கிடக்கும் ஆவாரஞ்செடிக்கு நீர் விடுகிறான். கிணறெல்லாம் உப்பாகிப்போன ஊர். வேலிக்கு வெளியே வெறும் வாளியோடு ஹாஜறா நிற்பதைக் கண்டதும் குழாயை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறான். தண்ணீர் அவன் குதிகாலை நனைத்து மணலில் இறங்குகிறது. "வாளியத் தாங்க, றாத்தா." "முதல்ல செடிக்கி ஊத்துங்க, தம்பி," என்கிறாள் அவள், குத்தலேதும் இல்லாமல். "அது பட்டுப்போனா உங்கட வேலையெல்லுவா போயிரும்." ஜவ்பர் தலை நிமிராமல் செடிக்கே ஊற்றுகிறான். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காத்து நிற்கிறாள்.