புது கிரீஸ்

கெஃப் நகரத்து ஒர்க்‌ஷாப்பில், தான் விற்க வந்த காருக்குள் உட்கார்ந்து மொங்கி ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகத் திருப்புகிறான். மெக்கானிக் ஹமாதி "போதும்" என்று கையைக் காட்டிவிட்டு, ஜாக்கியில் தூக்கி நிறுத்திய முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உலுக்குகிறார். தகரக் கூரையின் ஓட்டை வழியே மத்தியான வெயில் அவர் முதுகில் விழுகிறது. காரை வாங்கப்போகும் பக்கத்து வீட்டு நெஜீப் கதவில் சாய்ந்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் மாமியார் ஊருக்குப் போகப்போவதைச் சொல்லிச் சிரிக்கிறான். சக்கரம் 'டொக்' என்கிறது. ஹமாதி அடியில் கையை விட்டு வழித்த கிரீஸை வெளிச்சத்தில் நீட்டுகிறார். "சக்கரத்தைப் பிடிச்சு நிக்கிற பால் ஜாயிண்ட் தேஞ்சுபோய் ஆடுதுப்பா. ஓட்டும்போது சத்தம் கேக்கக் கூடாதுன்னு எவனோ புது கிரீஸை அப்பி வச்சிருக்கான்." மொங்கி கறுத்த நகங்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்கிறான். "அடப்பாவி! எங்க அண்ணனை எவனோ நல்லா ஏமாத்தியிருக்கான்," என்று நெஜீப் ஜன்னல் வழியாக மொங்கியின் தோளைப் பிடிக்கிறான். "ஓட்டுறப்ப கழண்டிருந்தா உன் கதி என்ன ஆயிருக்கும்ணே?" மொங்கிக்குக் காது மடல்வரை சுடுகிறது. ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, "நான்தான் அப்பினேன் நெஜீப்," என்கிறான். தோளில் இருக்கும் கை உடனே எடுபடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் குறைந்து, சட்டையை விட்டு விலகுகிறது.