சிவப்புக் கோடு

காலை வெயில் நாவலாசிரியரின் மடியிலிருக்கும் தாள்மேல் விழுகிறது. பக்கவாதம் வந்து மூன்று மாதம். வலது கை தலையணைமேல் அப்படியே கிடக்கிறது, பேச்சும் திரும்பவில்லை. அவர் பாதியில் விட்ட கடைசி அத்தியாயத்தை மனைவியே எழுதி முடித்து, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறாள். "அவள் சொல்லொணாத் துயரத்தோடு விம்மி விம்மி அழுதாள்." அவர் முகம் சுளிக்கிறார். இடது கை மெல்ல ஊர்ந்துபோய் மேஜையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுக்கிறது. கோடு நடுங்கி நடுங்கித்தான் போகிறது. ஆனாலும் துயரமும் விம்மலும் அடிபட்டு, 'அவள் அழுதாள்' மட்டும் மிஞ்சுகிறது. மனைவி மூக்கை உறிஞ்சிக்கொள்கிறாள். "என் எழுத்துலயே கை வெச்சிட்டீங்களா? சரிதான், பழைய திமிரு திரும்பி வந்துடுச்சு" என்று அடுத்த தாளை அவர் மடியில் வைக்கிறாள். "இன்னும் பதினாறு பக்கம் இருக்கு. அடிங்க."