லைன் தாங்காது

"பிளக்கைப் பிடுங்குங்க மாப்பிள்ளை! இந்த லைன் தாங்காது."

வந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் மாமனார் ஆரம்பித்துவிட்டார். முப்பத்தைந்து வருஷம் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஒரு சுவிட்ச் விடாமல் 'மோட்டார்', 'மாடி விளக்கு' என்று தன் கையெழுத்தில் சீட்டு ஒட்டி வைத்திருக்கும் மனுஷர்.

மாப்பிள்ளை புதிதாக வாங்கியிருந்தது, காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற வண்டி வீடு. கட்டில், அடுப்பு, ஏசி எல்லாம் அதற்குள்ளேயே. அதை மாமனார் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, ஜன்னல் வழியே ஒயரை விட்டு, ஹால் பிளக்கில் சொருகியிருந்தார்.

"ஒரே ஒரு ஏசிதானே மாமா?"

"ஒயரைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"ஒல்லி ஒயர். அதையும் சுருட்டியே போட்டிருக்கீங்க. இன்னும் கொஞ்ச நேரம் போனா உருகிடும். பிள்ளை படுக்குற வண்டி! பேசாம உள்ள வந்து படுங்க. ரூம் சும்மாதானே கிடக்கு?"

"உங்களுக்கு எதுக்குப்பா சிரமம்னுதான், போன மாசமே போன்ல சொல்லிட்டு, வண்டியையே கொண்டு வந்திருக்கோம். நல்லதா ஒரு லைன் இழுத்துக் குடுங்களேன்" என்றாள் மகள்.

"எனக்கு முட்டி வலி. முடியாது."

சொல்லிவிட்டு, பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் லைன் இழுத்தவருக்கு, மகளுக்குன்னா மட்டும் முட்டி வலிக்குதாக்கும்" என்று மனைவியின் காதைக் கடித்துவிட்டு, மாப்பிள்ளை வண்டிக்குள் போய்விட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. அம்மா போனதிலிருந்தே அப்பா இப்படித்தான். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

தெருமுனை எலக்ட்ரிக் கடைக்காரரைப் போன் செய்து வரவழைத்தாள்.

"புது லைனா? எதுக்கும்மா?"

கடைக்காரர் நேராகப் போய், முற்றத்துச் சுவரில் சாத்தியிருந்த பழைய கதவுப் பலகையை நகர்த்தினார்.

பின்னால் பளபளவென்று ஒரு பெட்டி. தடிமனான ஒயர், தனி பிரேக்கர், வண்டிக்கு ஏற்ற பெரிய பிளக் பாயிண்ட்.

"போன மாசம் என் கடையிலதான் எல்லாம் வாங்கினாரு. ஏணியில ஏறி அவரே இழுத்தாரும்மா. 'பேத்தி தூங்கப்போற வண்டிய்யா'ன்னு எர்த்தை மட்டும் நாலு தடவை டெஸ்ட் பண்ணாரு. பயமில்லாம சொருகலாம்."

பெட்டி மூடியில் ஒரு சீட்டு. அப்பாவின் கையெழுத்து: 'பாப்பா வண்டி'.

பழக்கதோஷம்! ஒளித்து வைக்கிற பெட்டிக்குக்கூடப் பெயர் எழுதாமல் இருக்க முடியவில்லை அவரால்.

பக்கத்து ஜன்னலில், அந்தச் 'சும்மா கிடக்கிற' அறை தெரிந்தது. கட்டிலில் துவைத்த விரிப்பு. மூன்று தலையணைகள். ஒன்று சின்னது, புத்தம் புதியது.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தம் வராமல் பலகையைப் பழையபடி சாத்தினாள்.

"என்னவாம்?" மாப்பிள்ளை வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அப்பா சொன்னதுதாங்க சரி. லைன் தாங்காதாம். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உள்ள வாங்க."